டைல்ஸுக்கும் தரைக்கும் நடுவே

மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் ஏர்வாடியில் ஒரு வீட்டுத் தரையில் டைல்ஸ் தூக்கிக்கொண்டால், வீட்டுக்காரர் கடைக்காரரைத் திட்டுவார். கடைக்காரர் கொத்தனாரைக் கை காட்டுவார். கொத்தனார் உப்புக் காற்றைக் காரணம் சொல்வார். மூவரில் உண்மைக்குச் சற்றுக் கிட்டத்தில் இருப்பவர் கொத்தனார்தான், ஆனால் பழியைக் காற்றின் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார். காற்று கொண்டுவரும் உப்பு சுவரையும் சன்னல் கம்பியையும் அரிக்கும்; டைல்ஸுக்கு அடியில் புகுவது கடினம். அங்கே இருக்கும் உப்பில் பெரும்பங்கு மணலிலும் கலவைத் தண்ணீரிலும் வந்தது, மீதி மண்ணிலிருந்து ஓதமாக ஏறியது. ஒரு டைல்ஸ் தரை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை டைல்ஸின் விலையோ பளபளப்போ தீர்மானிப்பதில்லை. டைல்ஸுக்கும் கட்டடத்துக்கும் இடையில் கிடக்கும், யார் கண்ணிலும் படாத அந்த நடுத்தட்டுதான் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தரையில் அநேகமாக யாரும் போடாத ஒரு பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் பெயர் சிமெண்ட் பலகை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் நிற்பவை. மாடித் தரை என்பது வரிசையாக ஓடும் மரச்சட்டங்களும் அவற்றின் மேல் அடித்த பிளைவுட்டும்தான். மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும், ஆள் நடந்தால் வளையும். சுட்ட மண்ணாலான டைல்ஸ் இவை எதையும் செய்யாது. இரண்டையும் நேரடியாக ஒட்டினால் சில பருவங்களில் இடுக்கில் அடைத்த கிரவுட் உதிரும், பிறகு டைல்ஸே விரியும். அந்நாட்டுக் கைவினைஞர்கள் இதற்குக் கண்ட முதல் வழி, மரத்தின் மேல் கம்பி வலை விரித்து, ஒன்றரை இரண்டு அங்குல கனத்துக்குச் சிமெண்ட் கலவைப் படுகை போடுவது. நல்ல வழிதான். ஆனால் பாரம் அதிகம், கைத்திறனும் நிறைய வேண்டும். 1950களில், சில மில்லிமீட்டர் கனத்திலேயே டைல்ஸைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய ஒட்டுக் கலவைகள் வந்தன. ரப்பர்ப்பால் கலந்த கலவையை விற்க ஹென்ரி ராத்பெர்க் லாட்டிக்ரீட் நிறுவனத்தைத் தொடங்கியது 1956இல். ஒட்டு மெலிந்தபின், அதைத் தாங்குவதற்கு நீரால் மாறாத ஒரு மெல்லிய தளம் தேவைப்பட்டது. நார் கலந்த சிமெண்டைத் தகடாக்கும் முறைக்கு ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்ஷெக் 1901லேயே காப்புரிமை பெற்றிருந்தார். அவர் கலந்த நார் ஆஸ்பெஸ்டாஸ். அதன் கேடு தெரிந்தபின் மரக்கூழ் நாரும் கண்ணாடி இழை வலையும் அந்த இடத்துக்கு வந்தன. இன்று டைல்ஸுக்கு அடியில் போடும் பலகை 6 அல்லது 12 மி.மீ. கனமுள்ள சிமெண்ட் தகடு, அவ்வளவுதான்.

அதைத் தரையில் பொருத்தும் விதத்தில்தான் அறிவியல் இருக்கிறது. முதலில் பிளைவுட்டின் மேல், பல் வைத்த கரண்டியால் ஒட்டுக் கலவையை வரிவரியாக இழுக்கிறார்கள். பல்லின் அகலம் சுமார் 6 மி.மீ. கலவை ஈரமாக இருக்கும்போதே பலகையை அதன்மேல் கிடத்தி அழுத்தினால், எழும்பி நிற்கும் வரிகள் நசுங்கிப் பரவி, அடியில் இருக்கும் காற்றை வெளியே தள்ளுகின்றன. அதன்பிறகு சுமார் 20 செ.மீ.க்கு ஒன்றாகத் திருகாணிகள். ஆணித்தலை பலகையின் மட்டத்தோடு நிற்க வேண்டும். மேலே துருத்தினால் டைல்ஸ் ஆடும், ஆழமாகப் போனால் பலகையின் மேல்தோல் கிழிந்து ஆணியின் பிடி போய்விடும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ., சுவரோரம் அதைப்போல் இரு மடங்கு இடைவெளி. செங்கல் வரிசையில் இணைப்புகளை மாற்றி மாற்றி வைப்பது போலவே இங்கும் நான்கு மூலைகள் ஓரிடத்தில் கூடக்கூடாது. இணைப்புகளில் கலவை நிரப்பி, அதன்மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டுவார்கள். சிமெண்டின் கடும் காரம் சாதாரணக் கண்ணாடி இழையைத் தின்றுவிடும் என்பதால், காரம் தாங்கும் நாடாவாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். ஆணிதான் பலகையைப் பிடித்துக்கொள்கிறதே, அடியில் கலவை எதற்கு? ஆணியை மட்டும் நம்பி அடிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. கலவையின் வேலை ஒட்டுவது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அங்கே கலவையின் வேலை நிரப்புவது. பிளைவுட் எவ்வளவு இழைத்தாலும் கண்ணாடி மட்டம் ஆகாது. பலகைக்கு அடியில் அங்கங்கே அரை மில்லிமீட்டர் வெற்றிடம் மிஞ்சும். அதன் மேல் கால் படும்போதெல்லாம் பலகை தாழ்ந்து எழும். ஒருமுறை தாழ்ந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு நாளில் நூறு தடவை, பத்து ஆண்டுகள் தாழ்ந்து எழுந்தால் ஆணியின் துளை பெருக்கும், கிரவுட் உதிரும். இழுத்துப் பிடிப்பதை ஆணி செய்கிறது, முழுப் பரப்பிலும் முட்டுக் கொடுப்பதைக் கலவை செய்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. பலகை போட்டால் தொய்யும் தரை விறைத்துவிடும் என்பது இன்னொரு தவறான எண்ணம். பலகை தரும் விறைப்பு அற்பம். இரு தாங்கல்களுக்கு இடையிலான நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தரை தொய்யக்கூடாது என்பது டைல்ஸுக்கான வழக்கமான கணக்கு: 3.6 மீட்டருக்கு 10 மி.மீ. கிரானைட், மார்பிள் என்றால் அதிலும் பாதி. இந்தக் கணக்கில் தேறாத தரையை எந்தப் பலகையும் காப்பாற்றாது.

மரச்சட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவே தாதுப்பொருளால் ஒரு தட்டு போடும் யோசனை நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் டெரஸ் என்று இன்றும் சொல்லப்படும் பழைய மாடித்தளத்தை மேலிருந்து கீழாக அறுத்துப் பார்த்தால் அது புரியும். கீழே தேக்குச் சட்டம், அல்லது நம் பக்கத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம். அதன்மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் மூலைவாட்டாக அடுக்கிய வரிசை. அதற்கு மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் இடித்து இறுக்கிய தளம். கடைசியாகத் தட்டோடு. மரத்தின் அசைவு ஓட்டை எட்டுவதற்குள் இரண்டு தட்டுகள் அதை வாங்கிக்கொள்கின்றன. சுண்ணாம்பு சிமெண்டைப் போல் விறைத்துக்கொள்வதில்லை. அசைவுக்கு மெல்ல இடம் கொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தாலும், உள்ளே கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். அமெரிக்கப் பலகை 12 மில்லிமீட்டரில் செய்ய முயல்வதை அந்தக் கொத்தனார்கள் அரை அடிக் கனத்தில் செய்தார்கள்.

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இந்தக் கடற்கரையே பதில் சொல்லும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய பழைய கட்டடங்களுக்குச் சுவர்க்கல்லும் சுண்ணாம்பும் கொடுத்தவை பெரும்பாலும் கடலிலிருந்து வெட்டிய பவளப்பாறைகள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரின் பூச்சு உதிர்ந்த இடத்தில், அந்தப் பாறையின் துளைகளை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று நீருக்கு மேல் இல்லை. அரணாக இருந்த பவளத்தைப் பல பத்தாண்டுகள் வெட்டியதற்கு அதில் பெரும்பங்கு உண்டு. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. சுண்ணாம்பு வேறு வழியில் கிடைக்கும் என்றாலும், தாத்தா காலத்துத் தரை தாக்குப்பிடித்ததற்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமில்லை. அன்று மேலே பதித்த தட்டோடும் ஆத்தங்குடிக் கல்லும் நீரை உறிஞ்சும் பொருள்கள். கலவையின் ஈரம் அவற்றின் துளைகளுக்குள் ஏறி, அங்கேயே சிமெண்டும் சுண்ணாம்பும் படிகமாகிப் பற்றிக்கொள்ளும். அடியிலிருந்து வரும் ஓதமும் அவற்றின் வழியே வெளியேறிவிடும். இன்று வாங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். அதாவது உறிஞ்சுவதே இல்லை. தாத்தாவின் கலவைமேல் பேரனின் டைல்ஸை வைத்துவிட்டு, தாத்தா தரை போல் நிற்கவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயம் இல்லை.

ஏர்வாடியின் உப்புக்கு வருவோம். பக்கத்து வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் உப்பளம் நடத்துகிறது. அந்தத் தொழிலுக்குத் தோதான மண்ணும் நிலத்தடி நீரும் வீடு கட்டுபவருக்கு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு எவ்வளவு குளோரைடு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 456 தரநிர்ணயம் வரம்பு விதித்திருக்கிறது: கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 மி.கிராம், கம்பி போட்டதற்கு 500. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. தரைக்கு நாம் வழக்கமாக விரிக்கும் மணல் கலவை 40 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிலோ மணல் போகிறது. அந்த மணலில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு உப்பு இருந்தால்கூட 180 கிராம். பத்துக்குப் பத்து அறையில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பைப் புதைத்து, அதன்மேல் நீர் புகாத மூடி போட்டுவிட்டோம் என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். குறைந்தால் மீண்டும் படிகமாகும். கடற்கரையில் ஈரப்பதம் இந்தக் கோட்டைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதும் அடிக்கடி நடக்கும். டைல்ஸின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் அடைபட்டுக் கிடக்க, வெளியேற வழி இருப்பது இடுக்குகளில் மட்டும்தான். ஆகவே உப்பு அங்கே வந்து படிகமாகிறது. கிரவுட் வெளுத்து, பொடியாகி, கால்விரலில் ஒட்டுவது இதனால்தான். துளைக்குள் வளரும் படிகம் சுற்றியுள்ள கலவையைத் தள்ளும் விசை, கலவையின் இழுவலிமையை மிஞ்சக்கூடியது.

உப்பு இல்லாத ஊரிலும் டைல்ஸ் தூக்குகிறதே என்றால், அதுவும் சரிதான். தூக்குவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. உப்பு அதைச் சீக்கிரப்படுத்துகிறது. புதிய சிமெண்ட் தளம் காயும்போது சுருங்கும். 5 மீட்டர் நீளத்தில் இரண்டரை மி.மீ. சுருங்குவது சாதாரணம். வெப்பம் 20 டிகிரி இறங்கினால் அதே நீளக் கான்கிரீட் 1 மி.மீ. குறுகும், டைல்ஸ் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் குறுகும். அடித்தளம் குறுகுகிறது, மேலே ஒட்டியது குறுக மறுக்கிறது. டைல்ஸ் எல்லாத் திசையிலும் நெருக்கப்படுகிறது. நீளத்தில் பத்தாயிரத்துக்கு மூன்று பங்கு நெருக்கினாலே விட்ரிஃபைடு டைல்ஸுக்குள் சதுர செ.மீ.க்கு 180 கிலோ அளவுக்கு அழுத்தம் சேரும். டைல்ஸ் அதைத் தாங்கும். தாங்காதது ஒட்டுதான்: ஐரோப்பியத் தரம் முதல்நிலை ஒட்டுக்குக் கேட்பது சதுர மி.மீ.க்கு 0.5 நியூட்டன், அதாவது சதுர செ.மீ.க்குச் சுமார் 5 கிலோ. ஒட்டு ஒரு மூலையில் விட்டதும், பக்கத்து டைல்ஸ் இரண்டும் தலையோடு தலை முட்டிக் கூரை போல் எழும்புகின்றன. பட்டாசு வெடித்தது போன்ற அந்தச் சத்தம், பல மாதமாகச் சேர்ந்த அழுத்தம் ஒரு நொடியில் விடுபடுவது. கோடே தெரியாமல் டைல்ஸை ஒட்டி ஒட்டி வைக்கச் சொல்லும் நம் வழக்கம் இதற்கு நேர்வழி போட்டுக் கொடுக்கிறது. 3 மி.மீ. இடுக்கு அசிங்கம் என்று நினைப்பவர்கள், கூடத்தின் நடுவே எழும்பிய இரண்டு டைல்ஸை எப்படி ரசிப்பார்கள் என்று தெரியவில்லை.

இனி முதன்மையான ஆட்சேபம். நம் தரை கான்கிரீட், மரமல்ல. இந்தப் பலகைக் கதை நமக்கு எதற்கு? கான்கிரீட்டின் மேல் சிமெண்ட் பலகை தேவையில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஒட்டிப் போட்டாலும் பலன் இல்லை; ஆணி அடிக்கக் கான்கிரீட்டைத் துளைத்தால் கெடுதல். ஆனால் பலகை செய்யும் வேலைகளை யாராவது செய்தாக வேண்டும். நீரால் அளவு மாறாத தளம், அடியில் வெற்றிடம் இல்லாத முழு முட்டு, ஓரத்தில் அசைய இடம், ஒட்டு பற்றிக்கொள்ளத் தோதான மேற்பரப்பு ஆகிய இவற்றை மணல் கலவைப் படுகையும் சிமெண்ட் பாலும் ஏர்வாடியில் தருவதில்லை. ஈரமான கலவையைக் கொட்டி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, அன்றே டைல்ஸை வைத்து ரப்பர்ச் சுத்தியால் தட்டினால், படுகையின் சுருக்கம் முழுவதும் டைல்ஸின் தலையில்தான் விடியும். அதே கலவையை நன்னீரில், கழுவிய ஆற்று மணல் அல்லது எம்-சாண்டில் தனித் தளமாகப் போட்டு, நீர் ஊற்றி ஆற்றி, சில வாரம் காயவிட்டு, பின் பல் கரண்டியால் ஒட்டு இழுத்து டைல்ஸைப் பதித்தால், சுருக்கத்தின் பெரும்பகுதி டைல்ஸ் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். ஒட்டுக்கும் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல்ஸுக்கு அதன் இரண்டாம் வகையோ அதற்கு மேலோ வேண்டும். செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் தூக்கிய டைல்ஸை உடைத்து எடுத்து, அதே நிறத்தில் அதே ரகத்தைக் கடைகடையாகத் தேடி, மறுபடி பதிக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ரகத்தைக் கம்பெனி நிறுத்தியிருந்தால் தரை முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

ஓதம் ஏறும் தரைத்தளத்தில் இது மட்டும் போதாது. சல்லித் தளத்துக்குக் கீழே கனமான பாலித்தீன் தாள் விரிப்பதுதான் முறையான தடுப்பு. கட்டி முடித்த வீட்டில் அதற்கு வழியில்லாததால், மேலே நீர்த்தடுப்புப் பூச்சைத்தான் நம்ப வேண்டும். சுவரோரம் 6 முதல் 8 மி.மீ. இடம் விட்டு, அதை ஸ்கர்ட்டிங் டைல்ஸால் மறைத்துவிடலாம். கலவையால் அடைக்கக்கூடாது. பெரிய கூடத்தில் ஆறு, ஏழு மீட்டருக்கு ஒரு மென்மையான இணைப்பு வேண்டும். மொட்டை மாடியில் மூன்று மீட்டருக்கே வேண்டும்.

சிமெண்ட் பலகைக்கு இந்தப் பக்கத்தில் உண்மையான இடம் ஒன்று உண்டு: இருக்கும் மாடிக்கு மேல் பாரம் ஏற்றாமல் இரும்புச் சட்டத்தில் எழுப்பும் அறை, கடைக்குள் போடும் இடைமாடி, தர்கா போன்ற யாத்திரைத் தலங்களில் விடுதிக்காரர்கள் கூட்டிக்கொள்ளும் கூடுதல் தளம். அங்கே மேலே சொன்ன அமெரிக்க முறை அப்படியே பொருந்தும், ஒரு திருத்தத்துடன். ஆணிதான் அந்தத் திருத்தம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்கக் கடலோர ஊரான மண்டபத்தில் இடம் பிடித்ததற்குக் காரணம் இந்த உப்புக் காற்றுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டதும் அதனால்தான். துத்தநாகம் பூசிய சாதா ஆணி இங்கே நெடுநாள் தாங்காது. துரு, தின்ற இரும்பைப்போல் இரு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால், துருவேறும் ஆணித்தலை மேலிருக்கும் டைல்ஸை நெம்பும். மாலிப்டினம் கலந்த 316 ரகத் துருவுறா எஃகு ஆணிக்குக் கூடுதல் காசு கொடுப்பது இங்கே வீண்செலவு ஆகாது. பலகை நனைந்தால் அழுகாது. ஆனால் நீரைக் கீழே விட்டுவிடும். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று கடையில் சொல்வதை நம்பிக் குளியலறையில் பூச்சு போடாமல் விட்டால், கீழே இருக்கும் இரும்புச் சட்டம் இற்றபின்தான் விஷயம் தெரியும். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் இன்னும் தடை செய்யப்படவில்லை என்பதால், பலகையில் அது இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பலகையை அறுக்கும்போதும் சிலிக்காத் தூசி பறக்கும். அறுப்பவர் நுரையீரலுக்கு அது திரும்பாத சேதம், ஆகவே நனைத்து அறுக்கவும், முகக்கவசம் கொடுக்கவும் சொல்லுங்கள்.

டைல்ஸ்காரரை வரச்சொல்வதற்கு முந்தின நாள் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டி, மாலையிலிருந்து மறுநாள் காலை வரை, பதினாறு மணி நேரம் விட்டுவிடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, மூடியிருந்த தரை மட்டும் கறுத்திருந்தாலோ, டைல்ஸ் வேலையைத் தள்ளிப்போட்டு முதலில் ஓதத்துக்கு வழி பாருங்கள்.